இரிகா ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற சிறுமி

முதல் நாள் – மணிலா

மணிலாவில் இறங்கியதும் விடுதியில் பையை வைத்துவிட்டு நேராக மெட்ரோபாலிட்டன் தியேட்டருக்குத்தான் போனேன். 1931-ல் கட்டிய அரங்கம். இளஞ்சிவப்புச் சுவர்களும் வண்ணக் கண்ணாடியுமாக, சுற்றி ஓடும் ஜீப்னி என்ற பயணி வண்டிகளின் புகைக்கு நடுவில் நிற்கிறது. பல வருடம் பாழடைந்து கிடந்ததைச் சீராக்கி 2021-ல்தான் மறுபடி திறந்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று நோரா ஔனோருக்கு அரசு மரியாதையுடன் அஞ்சலி செலுத்தியது இங்கேதான். அன்று நான் சிங்கப்பூரில், வீட்டில், கைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இந்த ஊருக்கு வந்தே தீருவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

நோரா ஔனோர் யார் என்று தமிழ் நண்பர்கள் பலர் கேட்டார்கள். பிலிப்பைன்ஸில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே 'சூப்பர்ஸ்டார்' என்றால் அவர் ஒருவர்தான். ரசிகர்கள் 'ஆத்தே கை' என்பார்கள். ஆத்தே என்றால் அக்கா, கை அவருடைய செல்லப் பெயர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தார், பாடினார், சொந்தமாகப் படம் எடுத்தார். 2022-ல் 'தேசியக் கலைஞர்' ஆனார், அந்த நாட்டில் ஒரு கலைஞருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கௌரவம் அது. 2025 புனித வாரத்தில், ஏப்ரல் 16 புதன்கிழமை, எழுபத்தோரு வயதில் காலமானார்.

எனக்கு அவரைக் காட்டியது எங்கள் வீட்டு அக்கா. 1993-ல் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போக, என்னையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள பிலிப்பைன்ஸின் பிகோல் பகுதியிலிருந்து வந்தவர். எட்டு வருடம் எங்களோடு இருந்தார். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார், எனக்குத் தலை பின்னிவிட்டார், தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். அவர் அலமாரியின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. குட்டையான, மாநிறமான, பெரிய கண்கள் கொண்ட ஒரு பெண். உங்கள் தங்கையா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் அப்படிக் கேட்டதில் ஒரு விஷயம் இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. 1950, 60-களில் சம்பகிதா, எல்விஎன் போன்ற பெரிய ஸ்டூடியோக்களில் கதாநாயகி என்றால் உயரமும் வெள்ளை நிறமும் கூரான மூக்கும் வேண்டும். ஸ்பானிய, அமெரிக்கக் கலப்பு முகங்களுக்குத்தான் மவுசு. கறுத்த, சின்ன உருவப் பெண்களுக்கு வேலைக்காரி வேஷம். அந்தத் திரைக்குள் நோரா வந்தார், வேலைக்காரி மாதிரியே இருந்துகொண்டு கதாநாயகி ஆனார். டிக்கெட் வாங்கியவர்களும் அவரைப் போன்றவர்களே. அந்தக் கூட்டத்தைப் படித்தவர்கள் 'பாக்யா' என்று இளப்பமாகச் சொல்வார்களாம். பாக்யா என்றால் மரச்செருப்பு.

ராத்திரி குபாவோவிலிருந்து பிகோலில் உள்ள நாகாவுக்குப் பேருந்து. ஏசி நடுக்கியெடுக்கிறது. கம்பளி கொண்டு வராதது தப்பு.

இரண்டாம் நாள் – சான் பாப்லோ, நாகா, இரிகா

தூங்கக் கூடாது என்று விழித்திருந்தேன். லகுனா மாகாணத்தில் சான் பாப்லோ என்ற ஊர் பாதையில் வரும். ஃப்ளோர் கொந்தெம்ப்ளாசியோனின் ஊர்.

எங்கள் தலைமுறை சிங்கப்பூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஃப்ளோர் சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்தவர். இன்னொரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணான தெலியா மாகாவையும், தெலியா பார்த்துக்கொண்ட நான்கு வயதுச் சிறுவனையும் 1991-ல் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1995 மார்ச் 17 விடியற்காலையில் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிலிப்பைன்ஸில் பெரும்பாலானவர்கள் அவர் குற்றமற்றவர் என்றே நம்பினார்கள். தெருவெல்லாம் போராட்டம். இரு நாட்டு உறவே ஆட்டம் கண்டது. வெளிநாட்டில் வேலை செய்யும் தம் மக்களைக் காக்க அந்த நாடு அதே வருடம் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. அன்று காலையில் அக்கா எங்களுக்கு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். அழவில்லை. பேசவும் இல்லை. அன்று முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதே ஆண்டு ஜோயல் லமாங்கன் இயக்கத்தில் அந்தக் கதை படமாக வந்தது. ஃப்ளோராக நடித்தவர் நோரா. அந்த நடிப்புக்குக் கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். பல வருடம் கழித்துத்தான் அதை நான் பார்த்தேன். சிறைக்காட்சிகளில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை, கண்கள் மட்டும் எங்கேயோ நிற்கும். ரொட்டியும் கத்தியுமாக நின்ற எங்கள் அக்காவின் கண்கள் அன்று அப்படித்தான் இருந்தன. எங்கள் வீட்டில் எட்டு வருடம் இருந்தவரின் முகத்தை ஒரு நடிகை வழியாகத்தான் நான் சரியாகப் பார்த்தேன் என்பதை எழுதும்போது மனசு கனக்கிறது.

சான் பாப்லோ வந்தபோது மணி ஒன்று இருக்கும். பூட்டிய கடைகள், ஒரு பெட்ரோல் பங்க், தென்னைகள். இரண்டு நிமிடத்தில் ஊர் முடிந்துவிட்டது.

விடிந்தபோது நாகா. அங்கிருந்து வேனில் ஒரு மணி நேரம், இரிகா வந்துவிடும். ஊருக்குப் பின்னால் எரிமலை நிற்கிறது, ஒரு பக்கம் சரிந்துபோன மலை. அக்கா பேருந்து நிலையத்திலேயே காத்திருந்தார். அறுபதைத் தாண்டிவிட்டார், முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை தமிழில் வந்தது: "சாப்பிட்டியா கண்ணு?"

சாப்பிட வைத்துவிட்டுத்தான் விட்டார். பிகோலில் எதிலும் தேங்காய்ப்பாலும் மிளகாயும் உண்டு. லாயிங் என்று சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் சுண்ட வைக்கிறார்கள், மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிகோல் எக்ஸ்பிரஸ் என்று ஒரு கறியும் இருக்கிறது, பன்றி இறைச்சியைப் பச்சை மிளகாயோடு தேங்காய்ப்பாலில் வேகவைப்பது. மணிலாவிலிருந்து இந்தப் பக்கம் ஓடிய ரயிலின் பெயர் அது.

அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டுதான் கதைக்குள் போக வேண்டும்.

நோரா கபால்தேரா வில்லமாயோர் 1953 மே 21 அன்று இந்த இரிகாவில் பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள், கையில் காசு இல்லை. ரயில் வந்து நிற்கும்போது பயணிகளுக்குத் தண்ணீர் விற்றார் அந்தச் சிறுமி. நாடு முழுக்கத் தெரிந்த கதை இது, பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்த நடைமேடையில் நின்றால் வேறு மாதிரி இருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன நிலையம். மதிய வெயிலில் தண்டவாளம் பளபளத்தது. ரயில் ஜன்னல் உயரத்துக்கு ஒரு குழந்தை கையை எவ்வளவு தூக்க வேண்டும் என்று அக்கா தன் கையை உயர்த்திக் காட்டினார். "அவள் குள்ளம். ரொம்பக் குள்ளம். எம்பித்தான் கொடுத்திருப்பாள்." ரயில் ரொம்ப நேரம் நிற்காது. கிளம்புவதற்குள் தண்ணீரைக் கொடுத்து, காசை வாங்கி, டம்ளரையும் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

பாட்டுதான் அவரை இந்த ஊரிலிருந்து வெளியே கொண்டுபோனது. மணிலாவில் உறவினர் குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய ஔனோர் என்ற குடும்பப் பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டு, போட்டி போட்டியாகப் பாடினார். 1967-ல் 'தவாக் நங் தங்ஹாலன்' என்ற தேசியப் பாட்டுப் போட்டியில் பட்டம் வென்றார். முதல் முயற்சியில் தோற்று, மறுபடி வந்து ஜெயித்தவர். படிக்கிற வயதிலேயே சினிமாவும் தொடங்கிவிட்டது. முதலில் சின்னச் சின்ன வேஷங்கள். 1970-71 வாக்கில் அவர் வீட்டு வாசலில் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை.

சாயங்காலம் பூஹிக்கு, அக்காவின் வீட்டுக்கு, ஜீப்னியில் போனோம். மேற்கூரை இடித்து என் தலை வீங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் – பூஹி

விடிந்ததிலிருந்து மழை. மலையின் ஒரு பக்கம் சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி பூஹி. சினாரபான் என்ற மீன் இங்கே உண்டு, ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். உலகத்தில் மனிதர்கள் பிடித்து விற்றுச் சாப்பிடுகிற மீன்களில் இதுதான் மிகச் சின்னது என்கிறார்கள். படகு ஓடவில்லை. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம்.

பேச்செல்லாம் ஆத்தே கைதான். சேர்ந்து நடித்த தீர்சோ குருஸுக்கு 'பிப்' என்று செல்லப் பெயர். 'கையும் பிப்பும்' ஜோடி என்றால் பைத்தியமாக இருந்த காலம். தீர்சோ நோராவுக்கு ஒரு பொம்மை கொடுத்தார். மரியா லெயோனோரா தெரேசா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் அந்தப் பொம்மையை இருவரின் குழந்தையாகவே கொண்டாடினார்கள். அக்கா அப்போது சிறுமி. கந்தலில் ஒரு பொம்மை செய்து அதே பெயரை வைத்தாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு பக்கம் வில்மா சாந்தோஸ். நோரானியன், வில்மானியன் என்று ஊரே இரண்டாகப் பிரிந்திருந்தது. அக்காவின் தங்கை வில்மா கட்சி, ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் நோரா அந்தப் பாட்டும் காதலுமான படங்களிலேயே நின்றிருக்கலாம், பணம் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் செய்தது வேறு. சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, யாரும் காசு போடத் தயங்கும் கதைகளில் போட்டார். 1976-ல் மரியோ ஓஹாரா இயக்கிய 'தத்லோங் தாவோங் வாலாங் தியோஸ்', 'கடவுள் இல்லாத மூன்று ஆண்டுகள்' என்று பொருள். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு பள்ளி ஆசிரியை. ஜப்பானிய ராணுவத்தில் இருக்கும் ஒருவன் அவளைச் சிதைக்கிறான், பிறகு அவனோடுதான் அவள் வாழ வேண்டி வருகிறது. போர் முடியும்போது சொந்த ஊரே அவளைத் துரோகி என்கிறது. எதிரே நடித்தவர் கிறிஸ்டோபர் டெ லெயோன், அப்போது நோராவின் கணவர். 23 வயதில் ஒரு பெண் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்துத் தன் காசில் எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

1980-ல் லினோ ப்ரோக்காவின் 'போனா'. இதுவும் நோராவின் தயாரிப்பு. துண்டு வேஷங்கள் போடும் ஒரு நடிகன் மேல் பித்துப் பிடித்து, வீட்டை விட்டு வந்து அவன் குடிசையில் பணிவிடை செய்யும் பெண் போனா. சேரியில் தண்ணீர் பிடித்துச் சுமந்து வந்து, காய்ச்சி, அவனைக் குளிப்பாட்டுவாள். அதே கொதிநீர்தான் கடைசியில் அவன் மேல் கொட்டுகிறது. நாட்டின் கோடி ரசிகர்கள் கும்பிடும் நட்சத்திரம் ஒருவர் ரசிகையாக நடித்தது பெரிய விஷயம். ஆனால் நேற்று நடைமேடையில் நின்ற பிறகு எனக்கு அந்த வாளிதான் கண்ணில் நிற்கிறது. தண்ணீரின் கனம் தெரிந்த உடம்பு அது. நடித்துக் காட்டி வருவதில்லை அப்படித் தூக்குவது.

அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க வீட்டுல குழாய்ல தண்ணி வந்துச்சு. முதல் மாசம் பூரா அதையே பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

கிளம்பும்போது ஒரு பை நிறைய பீலிக் கொட்டையும் ஒரு மெழுகுவத்தியும் கொடுத்தார். கொட்டை எனக்கு, மெழுகுவத்தி ஆத்தே கைக்கு. முழங்கால் வலி, அவரால் மணிலாவுக்கு வர முடியாது.

நான்காம் நாள் – பாவாய்

ராத்திரி பேருந்து, காலையில் லாவாக்குக்கு விமானம். தென்கோடியிலிருந்து வடகோடிக்கு வந்த மாதிரி. பிகோல் பச்சை, இலோகோஸ் காய்ந்த மண். பாத்தாக்கில் எம்பனாடா சாப்பிட்டேன், ஆரஞ்சு நிற அரிசி மாவுத் தோலுக்குள் பப்பாளித் துருவலும் முட்டையும். சூடாகச் சாப்பிட்டால்தான் அது எம்பனாடா.

பாவாய் தேவாலயத்தைப் பார்க்காமல் யாரும் இந்த ஊரைத் தாண்டுவதில்லை. 1710-ல் கட்டி முடித்தது, பவளப்பாறைக் கல்லும் செங்கல்லும். நிலநடுக்கத்தைத் தாங்கப் பக்கச்சுவர்களில் பெரிய பெரிய முட்டுகள். 1993-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அழகுதான். என் மனசு மணல்மேடுகளில் இருந்ததால் அரை மணியில் கிளம்பிவிட்டேன்.

'ஹிமாலா' படம் எடுத்த பகுதி இது. ஹிமாலா என்றால் அற்புதம். இயக்கியவர் இஷ்மாயேல் பெர்னால், எழுதியவர் ரிக்கி லீ, ஆண்டு 1982. மழை பொய்த்த குப்பாங் என்ற கற்பனைக் கிராமம். சூரிய கிரகணத்தன்று குன்றின் மேல் ஒரு மரத்தடியில் மாதாவைக் கண்டதாக எல்சா என்ற பெண் சொல்கிறாள். நோய்களைக் குணமாக்கத் தொடங்குகிறாள். ஊருக்குள் கூட்டம் வருகிறது, கூடவே கடைகள், விடுதி, பணம், பாவம் எல்லாம் வருகின்றன. மனிதர்களின் நம்பிக்கைத் தாகத்தைப் பற்றிய படம். காபிரா தீவில் ஒரு சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்ன 1960-களின் நிஜச் சம்பவத்திலிருந்து பிறந்த கதை. மூன்று வாரங்களில், முப்பது லட்சம் பெசோ செலவில் எடுத்தார்கள். பணம் அரசின் திரைப்பட நிறுவனத்துடையது. அன்றைய அதிபர் மார்கோஸின் ராணுவ ஆட்சிச் சட்டம் விலகியும் விலகாமலும் இருந்த காலம், மார்கோஸின் சொந்த மாகாணம். அந்த இடத்தில், அந்தப் பணத்தில், ஒரு பெண் கூட்டத்தைப் பார்த்து 'அற்புதம் எதுவும் கிடையாது' என்று சொல்கிற படத்தை எடுத்துவிட்டார்கள்.

மணல்மேட்டில் இப்போது நான்கு சக்கர வண்டிகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் கத்த வைக்கிறார்கள். வண்டி வேண்டாம் என்று நடந்தே ஏறினேன். வெயில் சுட்டது, கால் புதைந்தது, அந்தப் பக்கம் கடல்.

கடைசிக் காட்சியில் ஆயிரக்கணக்கில் துணை நடிகர்கள் நிற்கிறார்கள், மூவாயிரம் பேர் என்பது கணக்கு. ஒலிபெருக்கி முன்னால் எல்சா. வெள்ளை உடை. அற்புதம் நம் மனசில் இருக்கிறது, அற்புதங்களையும் சாபங்களையும் கடவுள்களையும் நாம்தான் உண்டாக்குகிறோம் என்கிறாள். முகத்தை அசைக்கவே மாட்டார் நோரா, குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும், கிழியும். அடுத்து ஒரு துப்பாக்கிச் சத்தம். சுடப்பட்டவளைக் கூட்டம் தூக்கிக்கொண்டு போகிறது, அவள் சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் இந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

1983-ல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. 2008-ல் சிஎன்என் நடத்திய வாக்கெடுப்பில் ஆசிய பசிபிக் பகுதியின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படமாகப் பார்வையாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்குப் பின்னால் வந்த வருடங்கள் அவருக்கு எளிதாக இல்லை. மணவாழ்க்கை முறிந்தது. சில காலம் அமெரிக்காவில் இருந்தார். 2010-ல் ஜப்பானில் செய்துகொண்ட ஒப்பனை அறுவைக்குப் பின் பாடும் குரல் போனது. பாட்டால் வெளியே வந்த பெண்ணுக்கு அந்தப் பாட்டே இல்லாமல் போன கொடுமையைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. ஆனாலும் 2012-ல் பிரில்லாந்தே மெண்டோசாவின் 'தை வூம்ப்' படத்தில் வந்தார். தாவி-தாவி என்ற தீவுகளில் கடல் மேல் வீடு கட்டி வாழும் பஜாவ் இனத்து மருத்துவச்சி. தனக்குக் குழந்தை இல்லாததால் கணவனுக்கு இன்னொரு பெண் தேடுகிறாள். வசனம் மிகக் குறைவு, சுற்றிலும் தண்ணீர். அந்த முகம் அதற்குப் போதுமாக இருந்தது. ஆசியத் திரைப்பட விருதுகளில் 2013-ன் சிறந்த நடிகை அவர்தான்.

2014-ல் தேசியக் கலைஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அன்றைய அதிபர் நீக்கினார். அமெரிக்காவில் இருந்தபோது வந்த போதைப்பொருள் வழக்கைக் காரணம் சொன்னார்கள். கலையை அளக்க வேண்டிய இடத்தில் வேறு எதையோ அளந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கிடைக்க இன்னும் எட்டு வருடம் ஆனது.

ஐந்தாம் நாள் – லிபிங்கன்

மாலையில் சிங்கப்பூர் விமானம். அதற்கு முன் தகீக்கில் லிபிங்கன் நங் மங்கா பயானி, வீரர்களின் கல்லறை. வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். ராணுவ வீரர்களும் அதிபர்களும் தேசியக் கலைஞர்களும் ஒரே இடத்தில். 2016-ல் மார்கோஸையும் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். நோராவை 21 குண்டுகளோ எத்தனையோ, நான் கைபேசியில் எண்ணவில்லை, ராணுவ மரியாதையோடுதான் கொண்டுவந்தார்கள். அன்று தொலைக்காட்சியில் மழைச்சட்டையும் குடையும் பூவுமாக வயதான பெண்கள் அழுதுகொண்டு நின்றதுதான் என் நினைவில் இருக்கிறது. அத்தனை பேரும் எங்கள் அக்கா சாயல்.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். யாரைப் பார்க்க என்று காவலர் கேட்டார். பெயரைச் சொன்னேன். "ஆ, ஆத்தே கை" என்று வழி காட்டினார்.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். விடுமுறை நாளில் வந்த வீட்டு வேலைக்காரர்கள் என்று பிறகு பேசியதில் தெரிந்தது. காற்று அடித்ததால் என் மெழுகுவத்தி நிற்கவில்லை. மூன்று குச்சிகள் வீணாயின. அவர்களில் ஒருத்தி தன் தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்து, அடிப்பாகத்தைக் கத்தரித்து, மெழுகுவத்தியைச் சுற்றி வைத்துக் கொடுத்தாள். எரிந்தது. படம் எடுத்து பூஹிக்கு அனுப்பினேன். அக்கா உடனே வீடியோவில் அழைத்தார். கைபேசியைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார், இன்னும் தாழ்த்து என்றார். அந்த இரண்டு பெண்களும் தள்ளி இடம் விட்டார்கள்.